சித்தியின் நரம்பும் என் பி.காமும்

ஆபீஸில் யாருக்காவது ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றால் நமக்கு அது ஜோக். தோவாளையில் என் சித்திக்குக் கிடைக்காமல் போனபோது சிரிப்பு வரவில்லை.

சித்திக்குத் தொழில் பூக்கட்டு. பேசிக்கொண்டே முழக்கணக்கில் கட்டுவாள். போன வருஷம் மார்பகப் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து கீமோதெரபி. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு; ஆக 16 தடவை. இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்ததால் அந்தக் கையில் ஊசி கூடாது. மிச்சம் ஒரே கை. மூன்றாம் தடவைக்குள் அதன் நரம்பெல்லாம் கறுத்துக் கயிறாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் ஐந்து குத்து.

"போரும் மக்கா. நோய் கொண்டு போவட்டும். இனி நான் வரல்ல" என்றாள்.

லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். சிவப்பாக ஏறுகிறதே டாக்ஸோரூபிசின், அது நரம்பை விட்டுக் கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடுமாம். இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாயில் விட்டால், அங்கே ஓட்டம் அதிகம். மருந்து உடனே கலந்துவிடும். அதற்கு இரண்டு வழி சொன்னார்.

ஒன்று, பிக் லைன். மேல்கையில் நுழைந்து நெஞ்சுவரை போகும் மெல்லிய டியூப். ஒரு நுனி கைக்கு வெளியே இருக்கும். வாராவாரம் டிரஸ்ஸிங் மாற்றி, உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும். நனையக் கூடாது. இன்னொன்று, கீமோபோர்ட். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் காசு அளவு ஒரு டப்பி. வைக்க ஒரு சின்ன ஆபரேஷன், எடுக்க இன்னொன்று. விலையும் கூடுதல். ஆனால் வெளியே ஒன்றும் தொங்காது.

"நெஞ்சுக்குள்ள டியூப்பா?" சித்தி எழுந்துவிட்டாள்.

நான் படித்த கதையைச் சொன்னேன். 1929-ல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்று ஓர் இளம் டாக்டர், தன் கை நரம்பு வழியாகத் தானே இதயம்வரை டியூப்பை விட்டுக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். 1956-ல் நோபல் பரிசு.

"அவனுக்கு அம்மை கிடையாதா? கேக்க ஆளில்லையா?" என்றாள் சித்தி.

என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. போர்ட் மூலதனச் செலவு. பிக் லைன் நடப்புச் செலவு. மருந்து இல்லாத வாரமும் பஸ் ஏறணும், சித்தப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். 2021-ல் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வந்தது. அதில் பிக் லைன் வைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கிருமி, ரத்தக்கட்டு, அடைப்பு என்று ஏதாவது சிக்கல், போர்ட்டில் 32. ஆக, போர்ட்டும் சுத்த சாமியார் இல்லை. குறைந்த தடவை, நல்ல நரம்பு என்றால் இரண்டுமே தேவைப்படாது.

நான் இதையெல்லாம் பேப்பரில் கூட்டிக்கொண்டிருக்க, சித்தி இரண்டே கேள்வி கேட்டாள்.

"பூ கெட்டலாமா டாக்டரே?"

"போர்ட்டுன்னா கை ஃப்ரீ. புண் ஆறினதும் கட்டலாம்."

"குளத்துல குளிக்கலாமா?"

"குளம் இப்ப வேண்டாம்மா, வெள்ளணு குறையும். புண் ஆறினப்புறம் வீட்டுல தலையோட ஊத்தலாம்."

"அப்ப அந்த டப்பியையே வையுங்க. தலையில முடியும் இல்ல, துவட்டுற வேலை மிச்சம்."

பதினாறும் முடிந்துவிட்டது. கடைசித் தடவை ஒரே குத்து. வரும் வழியில் பூ விலை விசாரித்தாள்.

பைக் வாங்கும்போது மைலேஜ் முதல் மட்கார்டு வரை கேட்கிறோம். வீட்டில் ஒருத்தருக்குக் கீமோ என்றால், முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், சார்: "டாக்டர், இந்த நரம்பு கடைசிவரை தாங்குமா?"

இந்த உபதேசத்தைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். கட்டிக்கொண்டிருந்த பூவை நிறுத்தாமலே சொன்னாள்:

"இத நீ மொதல்லயே கேட்டிருந்தா எனக்கு அந்த அஞ்சு குத்து மிச்சம்லா மக்கா."

எந்த லெட்ஜரில் எழுதுவது இதை?