தரையில் உட்காராத தாத்தாக்களுக்கு

போன மாதம் கொசப்பாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு பெரியவர், பெரியப்பா முறை. சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்பா, உன் பேரனுக்கு வைத்தியம் ஒண்ணும் பாக்கலியா? உன் மருமக நாள் பூரா அவனோட உக்காந்து விளையாடிக்கினு இருக்காளாமே. விளையாடினா சரியாயிடுமா?"

பந்தியில் சண்டை போடக் கூடாது என்று என் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை. ஆரணியில் பாதிப் பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானும் கேட்டவன்தான். ஆகவே இந்த வாரம் பழைய கூட்டுறவுச் சங்கக் கதைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்குப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு இரண்டு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். விரலை நீட்டி எதையும் காட்டமாட்டான். மருமகள்தான் முதலில் கவனித்தாள். "மாமா, இவன் என் முகத்தையே பாக்க மாட்டேங்கறான்" என்றாள். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரும்மா" என்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. வீட்டுப் பெரியவன் சொல்லிவிட்டால் அப்புறம் யார் டாக்டரிடம் போவார்கள்? ஒன்றரை வருஷம் என் வாயால் போயிற்று. கடைசியில் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்ணமங்கலம் வழியாகப் போகும் வேலூர் பஸ்ஸில் ஏறினாள். டாக்டர் ஆட்டிசம் என்றார்.

அப்புறமாவது சும்மா இருந்தேனா? யாரோ சொன்னார்கள் என்று ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். ஆறு மாதத்தில் பேச வைப்பதாகச் சொன்னார்கள். என் ஓய்வுப் பணத்தில் நாற்பதாயிரம் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆறு மாதத்துக்குப் பணம் கேட்டார்கள். முப்பத்திநாலு வருஷம் சங்கத்தில் கணக்கு எழுதியவன், ரசீது கூடக் கேட்காமல் கொடுத்திருக்கிறேன். ஆசை கண்ணை மறைக்கும்.

இந்த ஊரிலும் வெளியூரிலும் "ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்" என்று போர்டு மாட்டுகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டிசம் என்பது காய்ச்சல் போல வந்து போகும் நோய் இல்லை. மூளை வளர்கிற விதமே வேறு, பிறவியிலேயே உள்ளது. அதை எடுத்துவிடும் மருந்து இன்று உலகில் எங்கும் கிடையாது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களே, அதை ஆட்டிசத்துக்குச் சிபாரிசு செய்யக் கூடாது, விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-லேயே சொல்லிவிட்டது. நம்மூரில் நகையை அடகு வைத்துவிட்டு அந்த ஊசிக்குக் கிளம்ப நினைக்கிற அப்பா அம்மா யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். பெரியப்பா நினைப்பது போல மருமகள் பொழுது போக்கவில்லை. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தார் சுற்றும் ராட்டை ஒன்று இருக்கிறது. பேரன் அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான், மணிக்கணக்கில். நான் என்ன செய்தேன்? பிடுங்கிப் பரண் மேல் வைத்தேன். அன்று அவன் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. மருமகள் பரணில் ஏறி ராட்டையைத் திரும்ப இறக்கினாள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளும் சுற்றினாள். அவன் "ஊ" என்றால் இவளும் "ஊ". இப்படியே பத்து நாள். பதினோராம் நாள் சுற்றுகிற சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள். அவன் சக்கரத்தைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், பிறகு தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். உடனே "சுத்து!" என்று சொல்லிக் கையை எடுத்தாள். அவ்வளவுதான். மூன்று வயது தாண்டிய பிள்ளை, எதையாவது கேட்பதற்காகத் தாயின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் திண்ணையில் பேப்பரை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பேப்பரில் ஒரு வரி கூட ஏறவில்லை.

பழைய நூல் புடவையில் தூளி கட்டி ஆட்டுவதும் இதே கதைதான். நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்துவாள். "இன்னும்" என்பதற்கு அவன் ஒரு சத்தமோ சைகையோ காட்டும்வரை காத்திருப்பாள். காத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. நமக்கெல்லாம் வாய் சும்மா இருக்காது. "சொல்லு, தாத்தா சொல்லு, தா-த்-தா" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே கத்துவோம். நானும் கத்தியிருக்கிறேன். அவன் காதைப் பொத்திக்கொள்வான்.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. அரசு விண்ணப்பத்தில் ஆட்டிசத்துக்கு "புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கம்" என்று போட்டிருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ! என் பேரனுக்குப் புற உலகம் வேண்டிய மட்டும் கேட்கிறது. மூன்றாவது வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இங்கே துடிக்கிறான். தறிச் சத்தம் மட்டும் அவனைத் தொந்தரவு செய்வதில்லை. அவன் அப்பா குழித்தறியில் நாடா தள்ளும்போது பக்கத்திலேயே தூங்கிவிடுவான். எந்தச் சத்தம் கொல்கிறது, எது தாலாட்டுகிறது என்பது அவன் கூடவே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பதன் பலமே இதுதான். பேச்சுப் பயிற்சியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாகாயத்திலே சி.எம்.சி. குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆரணி பஸ்ஸே அந்த வழியாகத்தான் போகிறது. போக வேண்டியவர்கள் அவசியம் போகட்டும். ஆனால் அங்கே கற்றுக்கொண்டதை மீதி நாளெல்லாம் செய்கிற இடம் வீடுதானே.

இது ஏதோ எங்கள் வீட்டு மூடநம்பிக்கை என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு செய்தி. அமெரிக்காவில் 1970-களில் காஃப்மன் என்ற தம்பதி, தங்கள் மகனோடு வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து, அவன் செய்வதையே தாங்களும் செய்து, நாளெல்லாம் விளையாடினார்கள். கவனத்தைச் சிதறடிக்கும் பொருள் குறைவு என்பதால் குளியலறை. பிள்ளை முழுக்கக் குணமாகிவிட்டான் என்று புத்தகம் வந்தது, சினிமா வந்தது, பயிற்சி நிலையமே வந்தது. முழுக்கக் குணம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. வெளியார் யாரும் அதை உறுதியாக நிரூபித்ததில்லை. அந்த ஆசையில்தான் நான் நாற்பதாயிரத்தை விட்டேன். ஆனால் பிள்ளையை நம் பக்கம் இழுப்பதற்கு முன் நாம் அவன் பக்கம் போக வேண்டும் என்றார்களே, அது சரி.

இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2016-ல் லான்செட் மனநல இதழில் வந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் டாக்டர்களோ நிபுணர்களோ இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைத் தாய்க்கே போட்டுக் காட்டி, "பாருங்க, இந்த இடத்துல அவன் உங்களைப் பார்த்தான், நீங்க கவனிக்கலை" என்று பேசினார்கள். பிள்ளையின் போக்குக்கு ஏற்றபடி பெற்றோர் நடந்துகொள்வது கூடியது. பிள்ளைகள் தாமாக வந்து எதையாவது தெரிவிப்பதும் கூடியது. அளந்த எல்லாமே ஏறிவிடவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நாணயமான கணக்கு.

இப்போது என் கேள்வி. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று ஆரம்பித்தார்கள். பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. பக்கவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். எழுபது வயதுக்காரனுக்கு மாத்திரை வாசலுக்கு வரும்போது, மூன்று வயதுப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லித்தர ஒரு பெண் ஏன் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரக் கூடாது? 2016 சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் இருக்கிறது. சேவை மையங்கள் திறக்கிறார்கள், அட்டை தருகிறார்கள். மையம் என்றால் பஸ் ஏற வேண்டும். கூட்டத்தையும் ஹாரனையும் தாங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், தெரியும். ஏப்ரல் 2 அன்று நீல விளக்கு போடுகிற செலவில் நாலு தெருவுக்கு ஓர் ஆளைப் பழக்கலாம்.

அரசை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். பழைய பழக்கத்தில் ஒரு வாரம் நோட்டில் எழுதினேன். மருமகள் பேரனோடு தரையில் உட்கார்ந்தது ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். அதற்கு மேல் சமையல், துணி, தார் சுற்றுவது. என் மகன் தறியில் இருந்து இறங்கிவந்து ஒரு மணி நேரம். நான்? சைபர். மாதம் நாலு சேலை இறங்கிய தறியில் இப்போது மூன்றுதான் இறங்குகிறது, அவள் கை குறைந்ததால். அந்த நஷ்டத்தைப் பற்றி வீட்டில் முணுமுணுத்தது யார் தெரியுமா? சைபர் போட்ட ஆசாமிதான்.

இதற்கு மேல் ஊர்க்காரர்கள் வேறு. "போனைக் குடுத்துக் குடுத்து அவதான் கெடுத்துட்டா." இந்தப் பழி புதிதில்லை. ஆட்டிசத்தை 1943-ல் முதலில் விவரித்து எழுதிய லியோ கேனர், அந்தப் பெற்றோரிடம் கதகதப்பு இல்லை என்றும் எழுதினார். பிறகு பெட்டல்ஹைம் என்பவர் தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று 1967-ல் ஒரு புத்தகமே போட்டார். எத்தனை தாய்மார்கள் அழுதிருப்பார்கள்! அதற்கு முன்பே, 1964-ல், ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் இது உடலமைப்பு சார்ந்தது, வளர்ப்பின் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார். மருத்துவ உலகம் தூக்கி எறிந்த குப்பையை நாம் இன்னும் கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கு என்ன வேலை சொல்லுங்கள்? பென்ஷன் வருகிறது. காலையில் காமண்டல நாகநதிப் பாலம் வரை நடை, டீக்கடை, பேப்பர், மத்தியானத் தூக்கம், சாயங்காலம் கோயில் வாசலில் அரசியல். வீட்டில் யாருக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறதோ அவர்தான் பிள்ளையோடு தரையில் உட்காராதவர். முட்டி வலி என்பீர்கள். எனக்கும்தான். முக்காலி போட்டுக்கொண்டேன்.

ஒரு வருஷமாகக் காலை பத்திலிருந்து பதினொன்றரை என் முறை. அந்த நேரத்தில் மருமகள் தாரைச் சுற்றுகிறாள், சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். ஏழு வயதாகிறது அவனுக்கு. முப்பது நாற்பது சொல் வந்திருக்கிறது, தாத்தா அதில் இல்லை. என்னை "சுத்து" என்றுதான் கூப்பிடுகிறான்.

பெரியப்பா, இதை உங்களுக்கு உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். வந்ததும் அவனைக் கொஞ்ச வேண்டாம், பெயர் கேட்க வேண்டாம். ராட்டை பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். குக்கரைப் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வைப்போம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.