பாய்க்குப் பட்டம், பாடுபட்டவளுக்கு?

பட்டாடைபோல மடித்துப் பையிலே வைத்துக் கொள்ளலாம், அத்தனை மென்மை என்று வியக்கிறார்கள் பத்தமடைப் பாயைப் பார்த்தவர்கள். 1953இல், எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இலண்டன் வரை போனது அந்தப் பாய். பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் கிடைத்தது, பெருமை கிடைத்தது. நெய்தவளுக்கு என்ன கிடைத்தது?

சேரன்மாதேவிக்குப் பக்கத்திலே இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையிலே விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற நீரிலே நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, மெல்லிய இழையாகக் கிழிக்கிறார்கள். பிறகு சாயம். அதன் பிறகுதான் தறி! சாதாரணப் பாய் சீக்கிரம் முடியும். பட்டுப் பாய்க்கோ வாரங்கள் ஓடும், கண் பூத்துப் போகும், இடுப்பு ஒடியும். நெய்வோரில் மிகுதியும் லெப்பை முஸ்லிம் வீட்டுப் பெண்கள்.

பிளாஸ்டிக் பாய் வந்தது, விசைத்தறிப் பாய் வந்தது. போட்டி கடுமை, உண்மைதான். ஆனால் அதைவிடக் கொடிது கைமுதல் இல்லாமை. கோரை மலிந்த பருவத்திலே வாங்கி வைக்கக் காசில்லை. பாய் முடியட்டுமென்று அடுப்பு காத்திருக்குமா? முன்பணம் வாங்கினாலோ, கொடுத்தவருக்கே பாய், அவர் சொன்னதே விலை!

கலை அழிகிறதே, பிள்ளைகள் தறிக்கு வருவதில்லையே என்று கண்ணீர் வடிக்கும் கனவான்கள் சிலர் உண்டு. பாய் இலண்டன் போன அதே 1953இல்தான், கிராமப் பள்ளியிலே பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார் ஆச்சாரியார். நாடு கொதித்தது, 1954இல் காமராசர் ஆட்சியிலே குலக்கல்வி ஒழிந்தது. நெசவாளி மகள் கல்லூரிக்குப் போகட்டும்! தறியிலே வருவாய் இருந்தால், எந்த வீட்டுப் பெண்ணும் விரும்பி வந்து கற்பாள். பிறப்பைக் காட்டி ஒருத்தியைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

குடிசைத் தொழிலைத் தனியாள் முறையிலோ கூட்டுறவு முறையிலோ வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு. ஏட்டிலே இருப்பது வீட்டுக்கு வர வேண்டாமா? பருவத்திலே கோரையைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிச் சேர்க்கட்டும். பாய் முடியும்வரை காத்திராமல், வாரந்தோறும் கூலியைத் தரட்டும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பட்டுப் பாயிலும், எத்தனை நாள் உழைப்பு, நெய்தவருக்கு எத்தனை ரூபாய் என்று எழுதிய சீட்டொன்று தொங்கட்டும். பேரம் பேசுமுன் வாங்குபவர் அதைப் படிக்கட்டும்!