ஜாமீனுக்கு வந்த குடும்பம்

'இனிமேல் குடிக்க மாட்டேன், பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன்' என்று வெள்ளைத் தாளில் தகப்பனிடம் எழுதி வாங்குகிறோம். கீழே மனைவி கையெழுத்துப் போடுகிறார். சில நேரம் பாட்டியின் கைநாட்டும் சேரும். கோப்பில் 'குடும்பத்துக்கு ஆலோசனை வழங்கப்பட்டது' என்று ஒரு வரி ஏறும். தமிழ்நாட்டில் குழந்தைகள் நலக் குழுவிலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ வேலை பார்த்த எவருக்கும் இந்தத் தாள் புதிதல்ல. குடும்பத்தைச் சிகிச்சையில் ஈடுபடுத்துகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகிறது. சிகிச்சை அவருக்கு, பொறுப்பு வீட்டாருக்கு. அவர்களை நாம் ஜாமீன்தாரர்களாகத்தான் அழைக்கிறோம்.

ஒரே வீட்டைப் பற்றி இரண்டு இடங்களில் இரண்டு கோப்புகள் இருக்கும். மறுவாழ்வு மையத்தின் கோப்பில் எத்தனை வருடக் குடி, கடைசியாக எப்போது, வலிப்பு வந்ததா என்பதெல்லாம் இருக்கும். பிள்ளைகள் இன்று ராத்திரி யாரிடம் தூங்குவார்கள் என்பது இருக்காது. சமூகப் பணியாளரின் அறிக்கையில் பிள்ளையின் படிப்பு, உடை, சாப்பாடு எல்லாம் இருக்கும். குடியைப் பற்றி 'தந்தை மது அருந்தும் பழக்கம் உள்ளவர்' என்ற ஒரு வரிதான். இரண்டு கோப்புகளும் சந்திப்பதில்லை. இரகசியம் காக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தை உரிமையாக்கியது உண்மைதான். ஆனால் இன்னொருவரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான அளவுக்குத் தகவல் தரவும் அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. அந்த விதிவிலக்கு வரை போகவே வேண்டாம். தகப்பனை மையத்தில் சேர்க்கும்போதே, 'உங்கள் பிள்ளை விஷயமாகக் குழுவோடு எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?' என்று அவரையே கேட்டு எழுதி வாங்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார் என்றது. அப்படியானால் பல வீடுகளில் குடியைப் பற்றி அரசு சார்பில் முதன்முதலாகப் பேச வருபவர் மருத்துவர் அல்ல, பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்த புறத்தொடர்புப் பணியாளர். அவர் முதலில் யாரிடம் பேசுகிறார் என்பதில் நிறைய இருக்கிறது.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டாரிடம் வேலையைத் தொடங்கலாம். வில்லியம் மில்லரும் சகாக்களும் அமெரிக்காவில் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயர்களின் உறவினர் 130 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். உறவினருக்கே பயிற்சி கொடுத்த பிரிவில் 64 விழுக்காட்டினர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி ஒரே நாளில் அவரை மடக்கிப் பேசும் முறையில் அது 30 விழுக்காடு. பயிற்சியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தெளிந்திருக்கும் காலை நேரத்தில் பேசுவது, வேலைக்குப் போகாததற்கு மேஸ்திரியிடம் பொய் சொல்லாதிருப்பது, குடிக்காத நாளில் கூட உட்கார்ந்து சாப்பிடுவது, அடி விழும் என்று தெரிந்தால் எங்கே போவது என்று முன்பே முடிவு செய்துவைப்பது, இவ்வளவுதான். நமக்கும் இது அந்நியச் சரக்கல்ல. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் குடும்பத்தாருக்குத் தனிச் சிகிச்சைத் திட்டம் வைத்தது. மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு ஊரையும் வீட்டையும் சேர்த்து நடத்திக் காட்டியது.

அந்தப் பயிற்சி கிடைக்காத மனைவி என்ன செய்வார்? காவல் காப்பார். சட்டைப் பையைத் துழாவுவார், வாயை முகர்வார், சம்பள நாளில் வேலையிடத்துக்கே போய் நிற்பார். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று சுவரொட்டியில் விற்கும் பொடியை வாங்குவார். அதில் மதுவோடு ஒத்துப்போகாத டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அது தெரியாமல் கணவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுக்கு வீடு நடப்பதுதான் என்றாலும், நம் அறிக்கைகளில் இது வந்து நாம் பார்த்ததில்லை. கேட்டால்தானே சொல்வார்கள்.

அதே வீட்டில் நாம் கேட்காமல் விடும் இன்னொன்றும் இருக்கிறது. கார்த்திகையில் மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்திருப்பார். மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்று மறுபடி கடைக்குப் போயிருப்பார். 'எல்லாம் வேஷம்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது? பிள்ளை அப்பாவை எப்படிக் கூப்பிட்டது? குருசாமி தினம் விசாரித்தாரா? மாலை நேரத்தை எதில் கழித்தார்? இதெல்லாம் குடும்பத்துக்குத் தெரிந்த, நமக்குத் தெரியாத சிகிச்சைக் குறிப்புகள். எச்சரிக்கை ஒன்றும் உண்டு. தினம் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மாலை போடும் முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டியது வீட்டாரிடம்தான்.

பிள்ளையைக் கையாளும் விதத்தில் நமக்கு உறுத்தல் அதிகம். பின்தொடர் பார்வைக்குப் போகும் பணியாளர் அப்பா இல்லாத நேரம் பார்த்து, 'அப்பா இப்பவும் குடிக்கிறாரா?' என்று பிள்ளையைக் கேட்கிறார். பிள்ளை 'ஆமாம்' என்றால் திரும்பக் குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டியிருக்கலாம். 'இல்லை' என்றால் பொய். எட்டு வயதில் இந்தக் கணக்கைப் போட வைப்பது கொடுமை. குடித்தாரா என்பதை மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளையிடம் கேட்க வேண்டியது ராத்திரி தூக்கம் வருகிறதா, பயம் வந்தால் யார் வீட்டுக்குப் போவாய் என்பதை. இன்னொன்று, அப்பாவின் குடிக்கு நீ காரணமில்லை என்று பெரியவர் ஒருவர் அதனிடம் நேரடியாகச் சொல்லியாக வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டப்படி சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், இறுதி உத்தரவு நான்கு மாதத்தில் வர வேண்டும். குடிநோயோ அந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை. முதல் மூன்று மாதத்தில் மறுபடி குடிப்பவர்களே அதிகம். குழுவின் கடைசி அமர்வு விழுவதும் ஏறக்குறைய அப்போதுதான். 'குடியை விட்டாரா?' என்று அன்று கேட்பது தப்பான கேள்வி. 'அவர் மறுபடி குடித்த ராத்திரி பிள்ளை எங்கே இருக்கும்?' என்று கேட்டால் குடும்பம் யோசிக்கத் தொடங்கும். சித்தி வீடா, பக்கத்துத் தெருப் பாட்டியா, யார் ஃபோன் செய்வது, யாருக்கு என்று பெயரோடு எழுதலாம். 2008-இல் லண்டனில் தொடங்கிய குடும்ப நீதிமன்ற முறை ஒன்றில், ஒரே நீதிபதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வழக்கறிஞர்கள் இல்லாமல், இப்படிக் குடிக்கோ போதைக்கோ ஆளான பெற்றோரோடு பேசுகிறார். நம் குழுக்கள் மாதம் 20 நாளாவது அமர வேண்டும் என்பது சட்டம். அதில் ஒரு காலை நேரத்தை இந்த வீடுகளுக்கென்று ஒதுக்கி, ஒரே உறுப்பினரே அவர்களைத் தொடர்ந்து பார்ப்பதற்குப் புதிய அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

அடி விழும் வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து. முதலில் மனைவியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் மட்டும் மற்றது. குடிப்பவர் தாயாக இருந்தால் நிலைமை வேறு. பெண்களுக்கான படுக்கைகளே குறைவு, பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் அவர் வாயே திறப்பதில்லை. மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. நம் மையங்கள் எத்தனையில் தொட்டில் இருக்கிறது?

கடைசியாகப் பணம். உள்நோயாளியாக ஒரு மாதம் இருக்க வேண்டிய தினக்கூலிக்காரரைப் பத்தாம் நாள் வீட்டாரே வந்து கூட்டிப்போவார்கள். 'குடும்பம் ஒத்துழைக்கவில்லை' என்று மையம் எழுதும். அடுப்பெரியவில்லை என்பது காரணமாக இருக்கும். பெற்றோர் பராமரிக்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் உண்டு. சேர்க்கையும் நிதி ஆதரவு விண்ணப்பமும் ஒரே வாரத்தில் நடந்தால் அந்த மாதத்தை வீடு தாண்டிவிடும். அதற்கு மறுவாழ்வு மையத்தின் ஆற்றுப்படுத்துநர் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு ஃபோன் செய்ய வேண்டும், அலகும் கோப்பை ஒப்புதல் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே வைக்க வேண்டும். இப்போது அந்த உத்தரவு வந்து சேரும்போது, அவர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து மாதங்கள் ஆகியிருக்கும்.