வன்தட்டைப் பங்கு பிரிக்கத்தான் வேண்டுமா?

விழா மலர்களிற் கல்லூரியின் மண்டபங்களைப் பற்றியும் மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும் எழுதுவதே மரபு. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெரிதன்று. கணினிக் கூடத்து மேசையடியிற் கிடக்கும் வன்தட்டைப் பற்றியது. ஆயினும், ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் அமைத்துக் கொடுக்கும் பணியிற் பழைய மாணவர் பலர் இந்நாளில் ஆர்வத்தோடு இறங்கியிருக்கின்றனர். அத்தகைய ஆர்வத்தால் விளைந்த கேடொன்றில் எமக்கும் பங்குண்டு. ஆதலின் இதனை எழுதாது விடுதல் முறையன்று எனக் கருதினோம்.

இரண்டு பணிசெயல் முறைமைகள் எதற்கு என்று கேட்பாருக்கு முதலில் விடை கூறல் வேண்டும். விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஓ, ரி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு உள்ள கணினிகளையே வேண்டி நிற்கின்றது. இவ்வாறு, பழுதேதும் இல்லாத கணினிகள் வயது காரணமாக மூலையில் ஒதுக்கப்படுகின்றன. லினக்ஸ் அவற்றை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கச் செய்யும். அதேவேளை அலுவலகத்தார் பழகிய மென்பொருள்களும் ஆசிரியர்கள் தட்டச்சுச் செய்து சேர்த்த வினாத்தாள்களும் விண்டோஸிலேயே இருக்கின்றன. விண்டோஸை அடியோடு அழித்துவிடுவோம் என்னும் நண்பர்களோடும், பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்தாற் போதும் என்னும் பெற்றோரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. இரண்டும் வேண்டும். இரண்டாவதனை எவ்வழியாற் கொணர்வது என்பதே வினா.

வழக்கமான வழி வன்தட்டைப் பங்கு பிரிப்பது. பழைய முறையிலமைந்த வன்தட்டின் முதல் 512 பைற்றுக்குள்ளே 64 பைற்று அளவான அட்டவணை ஒன்று உண்டு. அதில் நான்கு முதன்மைப் பங்குகளுக்கு மேல் எழுத இடமில்லை. பிந்திய ஜி.பி.ரி. முறையிலே வழக்கமாக 128 பங்குகள் வரை எழுதலாம். எம்மவர்க்கு இதனை விளக்குவது எளிது. அட்டவணை காணி உறுதி போன்றது; எல்லை எங்கே தொடங்குகின்றது, எத்தனை பரப்பு என்று மட்டும் அது சொல்லும். வெறுங்காணியைப் பிரித்து வேலியடைப்பதில் இடர் இல்லை. குடியிருக்கும் வளவைப் பிரிக்கும்போதுதான் தொல்லை. விண்டோஸின் பங்கைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் எடுப்பதாயின், சுருக்கப்படும் புறத்திற் கிடக்கும் கோப்புகளையெல்லாம் முன்புறத்துக்கு நகர்த்தி, கோப்பு முறைமையின் அளவைத் திருத்தி, பின்னர் உறுதியையும் திருத்தி எழுதவேண்டும். வீட்டுக்காரர் உள்ளே இருக்கச் சுவரை நகர்த்துவது போன்ற வேலை இது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை நன்றாகவே முடியும்.

எமக்கு அது நன்றாக முடியவில்லை. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில், பாடசாலை ஒன்றின் கணினிக் கூடத்திலே எம்மிற் சிலர் ஒரு சனிக்கிழமை காலையில் இவ்வேலையைத் தொடங்கினோம். மின்வெட்டு மலிந்திருந்த காலம். அன்றைய அட்டவணையைப் பார்த்து, வெட்டுக்கு முன்னர் மூன்று மணி நேரம் உண்டு என்று கணக்கிட்டுத்தான் கை வைத்தோம். மின்சாரம் அட்டவணையைப் பார்க்கவில்லை. நான்காவது கணினியில் நகர்த்தல் பாதியில் நிற்கையில் அது போயிற்று. மின்னைத் தாங்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மின்கலம் எப்போதோ செத்துப்போயிருந்ததை அப்பொழுதுதான் அறிந்தோம். அக்கணினியிலேதான் கணித ஆசிரியை ஒருவர் எட்டு ஆண்டுகளாகத் தயாரித்த பயிற்சித் தாள்கள் இருந்தன. பிரதி எடுத்தீர்களா என்று நாம் அவரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாதிருந்தது கடிந்ததிலும் கொடிதாயிருந்தது. மீட்பு மென்பொருள்களைக் கொண்டு இரண்டு வாரம் முயன்றும் மூன்றிலொரு பங்குதான் திரும்பிற்று; அதிலும் பல தாள்கள் பெயரிழந்து வந்தன.

அன்று தொட்டு எமது கருத்து இதுவே: பிறர் உழைப்புக் கிடக்கும் வன்தட்டைப் பங்கு பிரிக்கும் உரிமை உதவ வந்தவருக்கு இல்லை. பிரிக்காமலே காரியம் முடிக்க வழிகள் இருக்கும்போது பிரிப்பது அடாது.

அவ்வழிகள் புதியனவும் அல்ல. ஜேர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் நொப்பர் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நொப்பிக்ஸ், ஓர் இறுவட்டிலிருந்தே முழு லினக்ஸையும் தொடக்கிக் காட்டிற்று. வன்தட்டில் எதனையும் எழுதாமல் நினைவகத்தில் இயங்கி, கணினியை நிறுத்தியதும் சுவடின்றி அகன்றுவிடும். திண்ணையிலே தங்கி, தன் கட்டுச்சோற்றை உண்டு, விடியலில் எழுந்து போகும் வழிப்போக்கனைப் போன்றது அது. இன்று இறுவட்டின் இடத்தைப் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது. 2020இல் வெளிவந்த வென்ரோய் என்னும் இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் அமைத்துவிட்டால், பின்னர் வேண்டிய லினக்ஸ் வகைகளின் ஐ.எஸ்.ஓ. கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளைப் போல அதிற் பிரதி செய்தாற் போதும். கணினி தொடங்கும்போது அவையெல்லாம் பட்டியலாகத் தோன்றும், ஒன்றைத் தெரியலாம். 32 கிகாபைற்று பென்டிரைவ் ஒன்றில் ஐந்தாறு முறைமைகள் இடர்ப்பாடின்றி அடங்கும். மாணவர் எழுதியதைப் பேணி வைக்க வேண்டுமாயின் அதற்கென ஒரு கோப்பையும் பல வகைகளில் உடன் வைக்கலாம். வென்ரோயை முதன்முறை அமைக்கும்போது பென்டிரைவில் முன்னர் இருந்தவை யாவும் அழிந்துபோம் என்பதை மட்டும் மறத்தலாகாது. ஒரு முறை பட்டவர்கள் சொல்கின்றோம்.

இன்னொரு வழி, ஒரு கோப்பையே வன்தட்டாகப் பாவிப்பது. உபுண்டுவின் 8.04 பதிப்போடு 2008இல் வந்த வூபி, விண்டோஸின் பங்குக்குள்ளே பெரிய கோப்பு ஒன்றை ஆக்கி, அதனுள் லினக்ஸைக் குடியேற்றிற்று. வேண்டாதபோது ஏனைய மென்பொருள்களைப் போலவே நீக்கிவிடலாம். 2013இல் அது கைவிடப்பட்டதை நாம் இன்றும் இழப்பாகவே எண்ணுகின்றோம். விண்டோஸும் இக்கருத்தை அறியாததன்று. 2009இல் வந்த விண்டோஸ் 7இன் உயர்பதிப்புகள் வீ.எச்.டி. என்னும் கோப்பிலிருந்தே நேராகத் தொடங்க வல்லனவாயிருந்தன. லினக்ஸின் தொடக்க ஏற்றியாகிய கிரப், வன்தட்டிற் கிடக்கும் ஐ.எஸ்.ஓ. கோப்பைத் திறந்து அதனுள்ளிருந்தே தொடக்கும். கணினி முழுவதும் லினக்ஸ்தான் என்றால் பி.ரி.ஆர்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறைமையைக் கொண்டு ஒரே பங்கிற் பல முறைமைகளை உபதொகுதிகளாக வைக்கலாம். யாருக்கு எவ்வளவு இடம் என்று முன்னரே அளந்து கொடுக்கத் தேவையில்லை. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைப்பது போல, உள்ள இடத்தை யாவரும் பொதுவிலே பாவிப்பர்.

மாறுபட்ட கருத்துடையோர் கூறுவனவற்றையும் மறைத்தல் நேர்மையன்று. பென்டிரைவிலிருந்து இயங்கும் முறைமை வேகத்திற் குறைந்தது என்பது உண்மை. பழைய யூ.எஸ்.பி. 2.0 வாயிற் செருகினால் பிள்ளைகள் பொறுமையிழப்பர். பெரும்பாலும் நீலநிறத்தில் இருக்கும் 3.0 வாயிற் செருகினால் அத்துணைக் குறை தோன்றாது. மெய்நிகர்க் கணினி போதாதா என்பர் சிலர். 4 கிகாபைற்று நினைவகமே உள்ள பாடசாலைக் கணினியில் ஒன்றனுள் மற்றொன்றை இயக்கினால் இரண்டும் தவழும். வெறுமையான புதிய வன்தட்டாயின், தாராளமாகப் பங்கு பிரிக்கட்டும். அதில் எமக்கு வழக்கில்லை.

பங்கு பிரிக்காத வழியிலும் கண்ணிகள் உண்டு. நினைவகத்தில் இயங்கும் லினக்ஸின் முகப்பிலேயே, நிரந்தரமாக நிறுவுவதற்கான படவுரு பலவற்றிற் காணப்படும். ஆர்வமுள்ள பிள்ளை அதனை அழுத்தி, கேட்கும் வினாக்களுக்கெல்லாம் ஆம் என்று விடையளித்தால் வன்தட்டு முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். வகுப்புக்கு முன்னரே அப்படவுருவை நீக்கி வைத்தல் நன்று. பிற்லொக்கர் பூட்டிட்ட கணினியில் தொடக்க அமைப்புகளை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பெண்ணைக் கேட்டு வாயிலில் நிற்கும். அவ்வெண்ணை எழுதி வைக்காதவர் அமைப்புகளைத் தொடவேண்டாம். விண்டோஸின் விரைவுத் தொடக்கம் இயங்கும் கணினி முற்றாக அணைவதில்லை. அந்நிலையில் அதன் பங்கில் லினக்ஸிலிருந்து எதனையும் எழுதலாகாது.

கடிகாரத்தின் கூத்து வேறு. கணினியின் உட்கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாக வாசிக்கும். காலை எட்டு மணி வகுப்பில் லினக்ஸைத் தொடக்கிய பிள்ளைக்குப் பிற்பகல் ஒன்றரை என்று காட்டுவது இதனால்தான். எமது நாட்டுக்குரிய ஐந்தரை மணி வித்தியாசம் அது. உட்கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுகின்றது என்று லினக்ஸுக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் தீரும்.

இம்மலர் வெளிவரும் ஆண்டிற் கணினிக் கூடத்துக்கு ஏதேனும் செய்ய விழையும் பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவது, வகுப்பொன்றுக்குப் போதிய பென்டிரைவ்களும், ஆசிரியர் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி வன்தட்டும். மின்னைத் தாங்கும் பெட்டிக்குப் புதிய மின்கலம் ஒன்றும் சேர்த்தால் நன்று. முற்கூறிய கணித ஆசிரியை இழந்த தாள்களிற் பெரும்பகுதியை மீண்டும் தட்டச்சுச் செய்துவிட்டார். அவருடைய வகுப்பில் இப்பொழுது நாம் பென்டிரைவ்களோடு சென்று லினக்ஸ் காட்டுகின்றோம். ஒவ்வொரு முறையும் வாயிலில் நின்று, "வன்தட்டிலே கை வைக்க மாட்டீர்கள்தானே?" என்று கேட்டபின்னரே உள்ளே விடுகின்றார்.