ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடங்கள் ஏன் முக்கியம்?

பிரசவமோ, ஆபரேஷனோ... வீட்டில் ஒருவருக்கு ரத்தம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப் குரூப் முழுக்க டோனர் தேடுவோம். ரத்தப் பை வார்டுக்கு வந்ததும் 'அப்பாடா'னு இருக்கும். ஆனால், அதிகம் கவனிக்க வேண்டிய நேரமே அப்போதுதான் தொடங்குகிறது.

டெஸ்ட் பண்ணின ரத்தம்தானே, அப்புறம் என்ன?

2018-ல் சாத்தூரில் கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட பிறகு, பலருக்கும் தொற்று பயம்தான் முதலில் வருகிறது. ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா பரிசோதனைகள் இங்கே கட்டாயம். ஆனால், சுத்தமான ரத்தமும் ஆள் மாறி ஏறினால் ஆபத்துதான். 'ஏ' வகை உடலில் 'பி' ரத்தம் கொஞ்சம் ஏறினாலே சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். கிட்னி செயலிழக்கலாம், உயிரும் போகலாம். இதைத் தடுக்கும் கடைசி ஆள், பெட் பக்கத்தில் நிற்கும் நர்ஸ்.

அதனால்தான் நோயாளியின் பெயர், ஐ.பி நம்பர், ரத்த வகை, பை எண், காலாவதி தேதியை இருவர் சரிபார்க்கிறார்கள். தொடக்கத்தில் மெதுவாக ஏற்றி, முதல் 15 நிமிடங்கள் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும்.

என்னென்ன அறிகுறிகள்?

* குளிர் நடுக்கம், 1 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் ஏறுவது
* அரிப்பு, தடிப்பு
* மூச்சுத்திணறல்
* நெஞ்சுவலி, இடுப்புவலி, சிவந்த சிறுநீர்
* பி.பி இறங்குவது

மயக்கத்தில் இருப்பவரால் எதையும் சொல்ல முடியாது. அங்கே பி.பி-யும் சிறுநீரின் நிறமும்தான் பேசும்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

வேகத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஊசியை எடுக்காமல், புது டியூப் மாட்டி நார்மல் சலைன் போட்டு, டாக்டரை அழைக்க வேண்டும். பெயரையும் பை எண்ணையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். மிச்ச ரத்தத்தோடு பையைத் தூக்கிப்போடாமல் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

ரிப்போர்ட் பண்ணினால் மாட்டிக்கொள்வார்களா?

இந்தப் பயத்தில்தான் பல சம்பவங்கள் வார்டோடு முடிந்துபோகின்றன. இவற்றைப் பதிவுசெய்ய 2012 டிசம்பரில் மத்திய அரசு 'ஹீமோவிஜிலன்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் தண்டனை அல்ல. தவறு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரே நர்ஸ் பல பெட்களுக்கு ஓடும் வார்டில் அந்த 15 நிமிடம் கிடைக்கிறதா என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

கூட இருக்கும் நாம்?

நர்ஸ் திரும்பத் திரும்ப பெயர் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். 'குளிருது'னு நோயாளி சொன்னால், போர்வையைத் தேடும் முன் நர்ஸைக் கூப்பிடுங்கள்.