காய்கறி சாப்பிட்டால் புற்றுநோய் வராதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

"முட்டைக்கோஸ் சாப்பிட்டா கேன்சர் கிட்டவே வராது", "தினமும் கேரட் ஜூஸ் போதும்"... வாட்ஸ்அப்பில் இப்படி வரும் தகவல்களுக்குப் பஞ்சமே இல்லை. இதில் எவ்வளவு உண்மை?

எவ்வளவு குறையும்?

ஐரோப்பாவில் 10 நாடுகளில், நான்கரை லட்சத்துக்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் கண்காணித்த எபிக் ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. தினமும் 200 கிராம் காய்கறி, பழம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒட்டுமொத்தப் புற்றுநோய் ஆபத்து சுமார் 3 சதவீதம் மட்டுமே குறைவாக இருந்தது. பலன் இருக்கிறது, ஆனால் அற்புதம் இல்லை.

குடலுக்குத்தான் அதிக நன்மை

பெருங்குடல் புற்றுநோயில் நார்ச்சத்துக்கான ஆதாரம் இதைவிட வலுவானது. கீரை, அவரை, பீன்ஸில் உள்ள நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது பியூட்டிரேட் என்ற அமிலம் உருவாகிறது. குடல் சுவரின் செல்களுக்கு இதுதான் முக்கிய உணவு. கழிவு குடலில் தங்கும் நேரமும் குறைகிறது.

அப்போ மாத்திரை போட்டா போதுமா?

போதாது. ஆபத்தாகவும் முடியலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடியது. 1994-ல் வந்த இந்த முடிவு மருத்துவ உலகையே அதிர வைத்தது. காயில் இருக்கும் ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அது காய் ஆகிவிடாது.

எவ்வளவு, எப்படி?

காய்கறியும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. முட்டைக்கோஸ், காலிஃபிளவரை நறுக்கிச் சில நிமிடங்கள் வைத்திருந்து, அளவாக வேக வைத்தால் அவற்றின் சத்துகள் ஓரளவு தங்கும்.

மறக்கக் கூடாதது

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அதற்கு முக்கியக் காரணம் புகையிலை. ஒரு கையில் பான் மசாலா, மறு கையில் கீரை சூப் என்றால் பலன் இருக்காது. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், "காய்கறியே குணமாக்கும்" என்ற பேச்சை நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது. காய்கறி ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும் உணவு. வந்த நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல.