டாக்டர் லைசென்ஸுக்கு முன் ஒரு வார்டு டெஸ்ட் வேண்டாமா?

ஈ.சி.ஆரில் மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். விஷமுறிவு மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது.

ஆனால், மருந்து இருந்தால் மட்டும் போதுமா? கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் பல் பட்ட தடமே தெரியாது. வயிற்று வலி என்று வருவார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்கும். கண்ணாடி விரியன் என்றால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே அட்ரினலின் போட வேண்டும். புத்தகத்தில் இது சில பக்கம்தான். நள்ளிரவு கேஷுவாலிட்டியில் செய்வது வேறு கதை. அந்தத் திறமையைச் சோதித்துவிட்டுத்தான் லைசென்ஸ் தருகிறோமா?

இப்போது லைசென்ஸ் எப்படிக் கிடைக்கிறது?

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்றால் நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. பிறகு மருத்துவ கவுன்சிலில் பதிவு. 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தேர்வு நடத்துவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அதே மாவட்டத்தில் காட்டாங்குளத்தூரிலும் கேளம்பாக்கத்திலும் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்குத் தாங்களே தேர்வு வைத்துப் பட்டம் தருகின்றன. பட்டம் எங்கே வாங்கினாலும் லைசென்ஸ் ஒன்றுதான்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ரூட் வேறு. 2002 முதல் அவர்களுக்கு எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வு நடக்கிறது. 300 கேள்விகள், 150 மார்க் எடுத்தால் பாஸ். பல முறை ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார். 2021 விதிகள் வந்த பிறகு சேர்பவர்கள் 54 மாதம் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். அங்கே 12 மாதம், இங்கே 12 மாதம் பயிற்சியும் கட்டாயம். இங்கே எதற்கு இன்னொரு வருடம் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால், ரஷ்யாவிலோ கிர்கிஸ்தானிலோ கட்டுவிரியன் கடி கேஸ் வராது. அதைச் செங்கல்பட்டு வார்டில்தான் பார்க்க முடியும்.

சிக்கல் இதுதான்: வெளிநாட்டில் படித்தவர் எழுதும் பொதுத் தேர்வில் நோயாளி இல்லை. இங்கே படித்தவருக்குப் பொதுத் தேர்வே இல்லை. ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிந்ததும் இருவருக்கும் கிடைப்பது ஒரு சான்றிதழ். அந்த வருடத்தில் என்ன கற்றுக்கொண்டார் என்று வெளியிலிருந்து யாரும் சோதிப்பதில்லை.

மற்ற நாடுகளில்?

வெளிநாட்டு டாக்டர்களுக்குப் பிரிட்டன் நடத்தும் பிளாப் தேர்வில் இரண்டாவது பகுதி முழுக்க செய்முறைதான். இப்போது தன் சொந்த மாணவர்களுக்கும் எழுத்து, செய்முறை இரண்டும் கொண்ட எம்.எல்.ஏ. தேர்வைக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா செய்முறைத் தேர்வை 2021-ல் கைவிட்டது. ஆனால், அங்கே எம்.டி. பட்டம் வாங்கினாலும் ரெசிடென்சி பயிற்சி இல்லாமல் முழு லைசென்ஸ் கிடையாது.

நெக்ஸ்ட் தேர்வு என்ன ஆச்சு?

2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் எல்லோருக்கும் பொதுவாக 'நெக்ஸ்ட்' தேர்வை மூன்று ஆண்டுக்குள் கொண்டுவரச் சொன்னது. 2023-ல் விதிகள் வந்தன. அதே ஜூலையில் தள்ளிவைக்கப்பட்டன. தமிழ்நாடு எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. முதல் பகுதி கொள்குறித் தேர்வு. அதன் மார்க்கை வைத்துத்தான் மேற்படிப்பு சீட். அப்படியென்றால் கடைசி வருட மாணவர் வார்டை விட்டுவிட்டு கோச்சிங் சென்டரில் உட்காருவார்.

ஆனால், இரண்டாவது பகுதியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அது ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்குப் பிறகு வரும் செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. பாஸ், ஃபெயில் மட்டும்தான், ரேங்க் கிடையாது. ரேங்க் இல்லாத இடத்தில் கோச்சிங் வியாபாரத்துக்குப் பெரிய வேலை இல்லை.

"ஃபைனல் இயரிலேயே செய்முறைத் தேர்வு இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால், அது பயிற்சிக்கு முன்பு நடப்பது, பெரும்பாலும் சொந்தக் கல்லூரியிலேயே. பயிற்சி வருடத்திலோ பலரின் கவனம் மேற்படிப்பு நீட் புத்தகத்தில்தான். வருடக் கடைசியில் படுக்கையருகே ஒரு தேர்வு காத்திருக்கிறது என்றால் அவர்கள் வார்டுக்குத் திரும்புவார்கள்.

முதல் பகுதியைத் தூக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்க, எதிர்ப்பில் முன்னால் நின்ற தமிழ்நாட்டுக்குத்தான் முழு உரிமை இருக்கிறது. செங்கல்பட்டில் படித்தவர், கேளம்பாக்கத்தில் படித்தவர், மாஸ்கோவில் படித்தவர் மூவருக்கும் ஒரே தேர்வு. தேர்வாளர்கள் வேறு கல்லூரியிலிருந்து வரட்டும். செலவாகும், பேராசிரியர்களின் நேரம் போகும். ஃபெயில் ஆனவருக்கு உதவித்தொகையோடு இன்னும் சில மாதப் பயிற்சியும் தர வேண்டியிருக்கும். ஆனால், அதைச் செய்யாவிட்டால், ஈ.சி.ஆர். கிராமத்திலிருந்து ராத்திரி பாம்புக்கடியோடு வரும் முதல் நோயாளிதான் அந்த டாக்டருக்குத் தேர்வு வைக்க வேண்டியிருக்கும்.